தறி சொல்லும் கணினிப் பாடம்

சின்னாளப்பட்டியில் எங்கள் வீட்டில் இரண்டு கைத்தறிகள் இருந்தன. என் சிறுவயதில் ஒருநாள் இரண்டுமே நின்றுபோயின. தறிகளில் பழுதில்லை, பாவும் அறுபடவில்லை. முந்தி நெய்ய ஒரு சரிகைத் தாரும் ஒரு வண்ணத் தாரும் தேவை. அன்று வீட்டில் மிஞ்சியிருந்தவை தலா ஒன்றுதான். அப்பா சரிகைத் தாரை எடுத்துக்கொண்டார். சித்தப்பா வண்ணத் தாரை எடுத்துக்கொண்டார். மற்றவர் முடித்துவிட்டுத் தரட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். தனித்தனியே பார்த்தால் யார் மீதும் தவறில்லை. ஆனாலும், வேலை நடக்கவில்லை. இனி யாராக இருந்தாலும் முதலில் சரிகையை எடுக்க வேண்டும், அது கிடைத்த பிறகே வண்ணத்தைத் தொட வேண்டும் என்று பாட்டி ஒரு விதி வைத்தார். அதன் பிறகு தறிகள் அப்படி நின்றதில்லை.

கல்லூரியில் கணினி அறிவியல் படித்தபோதுதான், அந்த நிலைக்கு ‘டெட்லாக்’ என்று பெயர் உண்டு என அறிந்தேன். பாட்டி சொன்ன விதியும் பாடநூலில் இருந்தது.

கணக்கைக் கொடுத்தால் விடையைத் தந்துவிட்டு நின்றுவிடுபவை ஒருவகை மென்பொருள்கள். மின்தூக்கி, ரயில் சமிக்ஞை, பணப் பரிவர்த்தனைச் செயலி, மருத்துவக் கருவி ஆகியவற்றை இயக்குபவை வேறு வகை. அவை ஓய்வதில்லை; மனிதர்களோடும் பிற கருவிகளோடும் இடைவிடாமல் ஊடாடிக்கொண்டே இருக்கின்றன. யார், எப்போது, எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில் பொத்தானை அழுத்துவார் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இதன் விலையை உலகம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘தெராக்-25’ என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி ஆறு நோயாளிகள் மீது அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது, சிலர் உயிரிழந்தனர். அதன் மென்பொருளில் இருந்த பிழைகளுள் ஒன்று, இயக்குநர் தவறாகத் தட்டச்சு செய்ததைச் சில நொடிகளுக்குள் திருத்தினால் மட்டுமே வெளிப்படும். பழகப் பழக இயக்குநர்களின் விரல்கள் வேகம் பெற்றன, பிழையும் வெளிவந்தது.

சோதனை எங்கே தோற்கிறது? ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரண்டே நிலைகள் கொண்ட 20 உறுப்புகள் சேர்ந்தால், 10,48,576 கூட்டு நிலைகள் உருவாகலாம். உறுப்புகள் 30 ஆனால், அந்த எண்ணிக்கை 107 கோடியைத் தாண்டும். சோதனை அவற்றில் சிலவற்றைத்தான் தொட்டுப் பார்க்கிறது. ஆகவேதான், அமைப்பு எந்தெந்த நிலைகளில் இருக்கலாம், எது நிகழ்ந்தால் எந்த நிலைக்கு மாறும் என்பதைக் கணித மொழியில் மாதிரியாக எழுதி, அடையக்கூடிய நிலைகள் அனைத்தையும் ஆராயும் துறை பிறந்தது.

ஜெர்மனியின் கார்ல் ஆடம் பெட்ரி 1962இல் முன்வைத்த ‘பெட்ரி வலை’ அத்தகைய மாதிரிகளுள் ஒன்று. வட்டங்கள் நிலைகளைக் குறிக்கும், அவற்றுள் உள்ள புள்ளிகள் கையிருப்பைக் காட்டும், கட்டங்கள் நிகழ்வுகள். எங்கள் வீட்டுத் தார்களைப் புள்ளிகளாக வைத்து வரைந்திருந்தால், தறிகள் நிற்கப்போகும் நிலை தாளிலேயே தெரிந்திருக்கும். இவ்வாறு மாதிரிகளைக் கணினியே சரிபார்க்கும் முறையை 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் ஆகியோருக்கு 2007ஆம் ஆண்டின் டூரிங் விருது வழங்கப்பட்டது.

உயிரணுவும் இத்தகைய அமைப்புதான். அங்கே ஆணையிடும் தலைவர் இல்லை; ஆயிரக்கணக்கான புரதங்கள் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் இயங்குகின்றன. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்திலும் சென்னைக் கணிதவியல் கழகத்திலும் பணியாற்றிய பேராசிரியர் பி.எஸ்.தியாகராஜன், பெட்ரி வலை ஆய்வுகளால் உலக அளவில் அறியப்பட்டவர். பின்னர், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர்களுடன் இணைந்து இவ்வகைச் சிந்தனையை உயிரியலுக்குக் கொண்டுசென்றார்.

ரத்தத்தில் உள்ள ‘காம்ப்ளிமென்ட்’ என்னும் புரதத் தொகுதி கிருமிகளை அடையாளமிட்டு அழிக்க உதவுகிறது. அது வலுவிழந்தால் தொற்று மிகும். கட்டுமீறினால் சொந்தத் திசுக்களையே தாக்கும். அந்தக் குழு இதற்கு நிகழ்தகவு அடிப்படையிலான கணினி மாதிரியை உருவாக்கி, தடுப்புப் புரதம் ஒன்று இத்தொகுதியை எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்று கணித்து, ஆய்வகப் பரிசோதனைகளுடன் ஒப்பிட்டு 2011இல் வெளியிட்டது.

மாதிரிக்கும் எல்லை உண்டு. நாம் எழுத மறந்த புரதத்தை அது கண்டுபிடித்துத் தராது. நாம் எண்ணிப்பாராத பயனரின் செயலையும் அது அறியாது. எனவே, மாதிரி சோதனைக்கு மாற்று அல்ல; சோதனை எட்டாத இடங்களைக் காட்டும் துணை. செலவு மிகும் என்பார்கள். பாரிஸில் 1998இல் தொடங்கிய ஓட்டுநரில்லா 14ஆம் மெட்ரோ தடத்தின் பாதுகாப்பு மென்பொருள், ‘பி’ முறை எனப்படும் கணித நிரூபண வழியில் உருவாக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு முன்பே அங்கே இயன்றது, இன்று இங்கே இயலாததல்ல.

தமிழ்நாட்டின் அறிஞர்கள் இத்துறைக்குப் பங்களித்திருக்கிறார்கள். ஆனால், நம் பொறியியல் மாணவர்களில் பலர் இதன் பெயரைக்கூட அறியாமலேயே பட்டம் பெறுகிறார்கள். இது கட்டாயப் பாடமாக வேண்டும். உயிரோடும் மக்கள் பணத்தோடும் தொடர்புடைய மென்பொருளை அரசு வாங்கும்போது, சரிபார்க்கப்பட்ட மாதிரியையும் ஒப்பந்தத்திலேயே கேட்க வேண்டும். எங்கள் பாட்டி விதி வகுத்தது தறிகள் நின்ற பிறகு. அதனால் இழந்தது அரை நாள் கூலி மட்டுமே. மருத்துவமனைக் கருவிகள் விஷயத்தில் அப்படிக் காத்திருக்க முடியாது.