களியக்காவிளையில் கோழி வண்டியை ஏன் நிறுத்துகிறார்கள்?

ஆலப்புழைப் பக்கம் தாராக்கள் கூட்டமாகச் சாகின்றன என்று செய்தி வந்தால் போதும், களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் கோழியும் முட்டையும் ஏற்றிவரும் வண்டிகளை நிறுத்திப் பார்ப்பார்கள். 2014, 2021, 2024 ஆண்டுகளில் ஆலப்புழை மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் வந்தது. அங்கிருந்து கோட்டாறுச் சந்தைக்கு லாரி வந்துசேர அரை நாள்கூட வேண்டாம்.

உங்கள் வகுப்பில் சிலரைத் தடுமனும் காய்ச்சலுமாக நாலு நாள் படுக்கவைக்கிறதே ஃபுளூ, அதைக் கொண்டுவருவதும் இன்ஃபுளூயன்சா வைரஸ்தான். தாராக்களைக் கொல்வதும் இன்ஃபுளூயன்சா வைரஸ்தான். பிறகு ஏன் ஒன்று சாது, இன்னொன்று கொடியது?

விடை அதன் புரதங்களில் இருக்கிறது. இந்த வைரஸின் மரபுச்செய்தி முழுவதும் 8 ஆர்.என்.ஏ. துண்டுகளில் அடங்கிவிடும். அதைக்கொண்டு பத்துக்குச் சற்று அதிகமான புரதங்களைத்தான் அது செய்துகொள்கிறது. அவற்றில் ஹீமக்ளூட்டினின் என்பது வைரஸின் மேற்பரப்பில் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். நம் செல்லைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய உதவுவது இதுவே. ஆனால் இது ஒரே சங்கிலியாகத்தான் உருவாகிறது. ஓரிடத்தில் வெட்டுப்பட்டால்தான் வேலை செய்யும். வெட்டும் கத்தரி வைரஸிடம் கிடையாது, நம் உடம்பில்தான் இருக்கிறது! சாதாரண ஃபுளூவுக்குப் பொருந்தும் கத்தரிகள் பெரும்பாலும் மூக்கு, தொண்டை, நுரையீரல் பாதையில் மட்டுமே உண்டு. அதனால் நோய் அங்கேயே நின்றுவிடுகிறது.

பறவைக் காய்ச்சலைக் கொண்டுவரும் கொடிய எச்5 வகை வைரஸில் அந்த வெட்டுமிடத்தில் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் சில கூடுதலாக வரிசையில் நிற்கின்றன. அதனால் ஃபியூரின் என்ற வேறொரு கத்தரியும் அதை வெட்டிவிடும். ஃபியூரின் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது. ஆகவே கோழியின் மூளை, இதயம் என்று எங்கும் வைரஸ் பெருகுகிறது. ஒரு கூண்டுக் கோழிகள் இரண்டே நாளில் மொத்தமாகச் சாவதும் உண்டு. அதற்கு இந்த நாலைந்து அமினோ அமிலங்களே பெரிய காரணம் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

மனிதரிடம் இது எளிதில் பரவாததற்கும் புரதமே ஒரு காரணம். பறவையின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி. நம் மூக்கினுள் 33 டிகிரிதான். பறவை வைரஸின் பிபி2 என்ற புரதம் அந்தக் குளிர்ச்சியில் மந்தமாகிவிடும். ஆனால் அதில் 627ஆம் இடத்தில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் அங்கேயும் அது நன்றாக வேலை செய்யும். ஆய்வாளர்கள் அந்த இடத்தை விடாமல் கவனிப்பது இதனால்தான்.

என்.எஸ்.1 என்ற இன்னொரு புரதம், ஆபத்து வந்ததும் நம் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரானைத் தடுத்துவிடுகிறது. இந்தத் தடை வலுவாக இருந்தால் உடம்பு விழித்துக்கொள்வதற்குள் வைரஸ் பெருகிவிடும்.

1918இல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொன்ற ஃபுளூவின் வைரஸை, அலாஸ்காவின் பனியில் புதைந்திருந்த உடலிலிருந்தும் அக்காலத்து நோயாளிகளின் பாதுகாக்கப்பட்ட திசுக்களிலிருந்தும் படித்து, 2005இல் ஆய்வகத்தில் மறுபடி உருவாக்கினார்கள். அதில் ஒரு ஆச்சரியம்! 2012இல் கண்டுபிடித்த பிஏ-எக்ஸ் என்ற புரதத்தை அந்த வைரஸிலிருந்து நீக்கிப் பார்த்தபோது எலிகளுக்கு நோய் குறையவில்லை, கூடியது. அந்தப் புரதம் நோயைத் தணித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆகவே வைரஸின் ஒவ்வொரு புரதமும் நோயைக் கூட்டத்தான் செய்யும் என்று எண்ணிவிடாதீர்கள்.

நன்றாக வெந்த கோழிக்கறியிலும் முட்டையிலும் இந்த வைரஸ் பிழைக்காது; பயமில்லாமல் சாப்பிடுங்கள். ஆனால் குளத்தங்கரையிலோ வீட்டுக் கூண்டிலோ பறவைகள் செத்துக் கிடந்தால் கையால் தொடாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லி, கால்நடை மருந்தகத்துக்கு உடனே தகவல் கொடுக்கச் சொல்லுங்கள்.