வில்லன் உட்கார்ந்திருக்கும்போது யார் நிற்கிறார்கள்?

போன எபிசோடுல ஹீரோ என்ட்ரி பத்திப் பேசினோம் இல்லையா, அதைக் கேட்டவங்க நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பியிருந்தாங்க: "உங்களுக்குப் பிடிச்ச படம் எது, பிடிச்ச வில்லன் யாரு?" ரெண்டுக்கும் இன்னிக்கு ஒண்ணாவே பதில் சொல்லிடலாம். ஏன்னா பிடிச்ச படங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் வில்லனுக்காகவே திரும்பத் திரும்பப் பார்த்த படங்கள்.

ஒரு வில்லன் ஏன் மனசுல நிக்கிறான்? சிரிப்பு, குரல், மீசை, அடியாட்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் ஒரு பக்கம். நான் கவனிக்கிறது வேற. அவன் இருக்கிற அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நின்றுகொண்டிருக்கிறார்கள்? தமிழ் சினிமாவில் வில்லனை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லைன்னு நினைக்கிறேன். நம்ம ஊரில் அதிகாரம் முதலில் தெரிவது நாற்காலியில்தானே. சரி, படங்களுக்குப் போவோம்.

சாட்டை கை மாறும் இடம்

முதல் படம் 'எங்க வீட்டுப் பிள்ளை', 1965 பொங்கலுக்கு வந்தது. தெலுங்கில் அதற்கு முந்தைய வருஷம் வந்த 'ராமுடு பீமுடு' படத்தின் தமிழ் வடிவம். எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். பயந்த சுபாவமுள்ள ராமு, துணிச்சலான இளங்கோ. வில்லன் எம்.என். நம்பியார்.

இதில் நம்பியார் அரண்மனையைக் கவிழ்க்கும் ராஜகுரு கிடையாது. வீட்டு மாப்பிள்ளை, அதாவது ராமுவின் அக்கா கணவர். மைத்துனனின் சொத்தை நிர்வாகம் பண்றேன்னு சொல்லிக்கொண்டு அவனையே சாட்டையால் அடித்து அடக்கி வைத்திருப்பவர். சொத்துக்கு உரியவன் நடுங்கி நிற்கிறான், பார்த்துக்கொள்ள வந்தவர் அதிகாரம் செய்கிறார். படத்தின் முதல் பாதி முழுக்க இந்தத் தலைகீழ் நிலைமையை நம்ம வயித்துல இறக்கி வைச்சுடுறாங்க. அதனாலதான் இளங்கோ வந்து அதே சாட்டையைப் பிடுங்கும்போது தியேட்டர் அதிர்ந்தது. நம்பியார் கொடுத்த ஒவ்வொரு அடிக்கும் கணக்கு இருந்ததால்தான் திருப்பிக் கொடுக்கும் அடிக்கு எடை வந்தது. வில்லனின் அடிப்படை வேலை இதுதான்: ஹீரோ என்ன செய்யணும்னு நாம ஏங்குறோமோ, அந்த ஏக்கத்தை உருவாக்குவது.

நிஜ வாழ்க்கையில் நம்பியார் சைவம், மது தொடாதவர், வருஷா வருஷம் சபரிமலைக்குப் போன குருசாமி. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். ஆனாலும் திரையில் அவர் கையைப் பிசைந்துகொண்டு வந்தால் ஊரே பல்லைக் கடித்தது. அந்தக் காலத்து வில்லன்மேல் ரசிகனுக்குச் சந்தேகமே வராது. வெறுக்கலாம், அவ்வளவுதான். நல்லது கெட்டது ரெண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருந்தது.

சும்மா இருப்பதும் கொலைதான்

அந்தக் கோட்டை அழித்தவர்களில் முக்கியமானவர் கே. பாலசந்தர். 'மூன்று முடிச்சு', 1976. கமல், ஸ்ரீதேவி, ரஜினி. நண்பன் ஏரித் தண்ணீரில் விழுந்து தத்தளிக்கிறான். படகில் இருக்கும் ரஜினிக்கு நீச்சல் தெரியும். ஆனால் குதிக்கவில்லை.

யோசிச்சுப் பாருங்க. கத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது. ஒன்றுமே செய்யாமல் ஒருத்தன் வில்லனாகிறான். போலீஸில் சொன்னால்கூட நிரூபிக்க முடியாது. நம்பியார் மாதிரி ஆள் வந்தா தூரத்திலேயே அடையாளம் தெரிஞ்சுடும். இவன் நம்ம நண்பன், அறையில் கூட இருக்கிறவன். வில்லன் கோட்டைக்கு வெளியே இருந்து வரணும் என்கிற நினைப்பு இங்கே உடையுது. இந்த நடிகர்தான் பிறகு சூப்பர் ஸ்டார் ஆனார் என்பது தமிழ் ரசிகனின் மனசைப் பற்றிச் சொல்லும் செய்தி. கெட்டவனிடம் இருக்கும் அலட்சியத்தை நமக்குப் பிடித்துவிட்டது. அந்த ருசிக்கு ஒரு விலை உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நுனியிலிருந்து சாய்மானம் வரை

நாற்காலியை வைத்து ஒரு வில்லனையே கட்டிய படம் 'அமைதிப்படை', 1994. மணிவண்ணன் இயக்கம். கோயில் வாசலில் உடைக்கிற தேங்காயைப் பொறுக்கித் தின்னும் அமாவாசை, தேர்தலில் நிறுத்தப்பட்டு, ஜெயித்து, நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ. ஆகிறான். சத்யராஜ்.

ஓட்டு எண்ணும் காட்சியை மறக்க முடியுமா? ஆரம்பத்தில் நாற்காலியின் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார். முன்னிலை நிலவரம் வர வர உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகரும். முதுகு சாயும், முகம் மாறும், கடைசியில் கால் மேல் கால் ஏறும். வசனத்தில் சொல்ல வேண்டியதை உட்காரும் விதத்தில் சொல்லிட்டாங்க. அரசியல் எப்படி ஒரு ஆளை மாற்றுகிறது என்று பத்துப் பக்கம் எழுதினாலும் இவ்வளவு தெளிவா வராது.

அமாவாசை நம்மைச் சிரிக்க வைக்கிறான். சிரிச்சுக்கிட்டே இருக்கும்போதுதான் அவன் ஒரு பெண்ணை ஏமாற்றிக் கைவிட்டதும், ஊரைக் கொளுத்துவதும் வருகிறது. அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கணும், அதுதான் படத்தின் நோக்கம்.

நியாயம் பேசும் வில்லன்

அடுத்து ரகுவரன். எனக்குப் பிடித்த வில்லன் யார் என்று ஒரே பெயர் கேட்டால் இவர்தான். 'புரியாத புதிர்' படத்தில் ரெண்டே ரெண்டு ஆங்கிலச் சொல்லை விதவிதமாகச் சொல்லிக்கொண்டே போவார், சந்தேகப் புருஷன் எப்படி இருப்பான்னு முதுகுத்தண்டுல தெரியும். 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் வீட்டுச் செலவுக்குக் கணக்குப் பார்க்கும் மூத்த மகன். அங்கே அவர் யாரையும் கொல்லவில்லை, வீடு மட்டும் ரெண்டாகிறது. 'பாட்ஷா'வின் மார்க் ஆண்டனியைப் பற்றி நான் தனியா சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நான் எடுத்துக்கொள்வது 1999-இல் வந்த ஷங்கரின் 'முதல்வன்'. முதலமைச்சர் அரங்கநாதனும் டிவிக்காரர் புகழேந்தியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நேரலைப் பேட்டி. தமிழ்ப் படங்களில் வில்லனும் ஹீரோவும் சம உயரத்தில் உட்கார்ந்து, அடிதடி இல்லாமல், கேள்வி பதிலால் மோதும் காட்சிகள் குறைவு. சௌகரியமான ஒரு சிரிப்போடு ஆரம்பிக்கிற ரகுவரனின் முகத்தில் அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல வற்றுவதைப் பாருங்கள்.

மாட்டிக்கொண்டதும் அரங்கநாதன் சொல்வது என்ன? என் நாற்காலியில் ஒரு நாள் உட்கார்ந்து பார், அப்போது தெரியும் என்கிறார். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, பாருங்க! விமர்சனம் பண்றது சுலபம், ஆட்சி பண்றது கஷ்டம். நல்ல வில்லனுக்கு இதுதான் அடையாளம்: அவன் பேசும்போது ஒரு நொடியாவது நாம் 'அட, சரிதானே' என்று நினைக்கணும். முடிவில் புகழேந்தி தன் கையிலேயே சுட்டுக்கொண்டு, துப்பாக்கியை அரங்கநாதனிடம் வீசி, காவலர்களை வைத்தே அவரை முடிக்கிறான். ஜெயிப்பதற்கு வில்லனின் தந்திரத்தையே ஹீரோ கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்போ ஜெயிச்சது யாரு? இந்தக் கேள்விக்காகவே அந்தப் படம் எனக்குப் பிடிக்கும்.

நீலாம்பரி செய்த குற்றம்

அதே 1999-இல் 'படையப்பா'. வீட்டுக்கு வந்த படையப்பாவுக்கு உட்கார நாற்காலி கிடையாது. நீலாம்பரி மட்டும் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவன் தோளில் கிடக்கும் துண்டை வீசி, மேலே கட்டியிருக்கும் ஊஞ்சலை இழுத்து இறக்கி உட்காருகிறான். இன்றைக்கும் கைதட்டல் வாங்கும் காட்சி.

ரம்யா கிருஷ்ணன் ரஜினிக்குச் சமமாக நின்றார், அதில் சந்தேகம் இல்லை. 18 வருஷம் ஒரு அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டவள், கடைசியில் எதிரி போட்ட உயிர்ப்பிச்சை வேண்டாம் என்று தன்னையே சுட்டுக்கொள்கிறாள். ஆனால் அவள் வேலைக்காரியை மிதித்ததும் கொலைக்குத் துணிந்ததும் ஒரு பக்கம் இருக்க, படம் அவளை வேறு சில காரணங்களுக்காகவும் திட்டுகிறது. ஆசைப்பட்டதை வெளிப்படையாகக் கேட்டாள், அடக்கமாக இல்லை, உடை சரியில்லை. கொடுமையும் துணிச்சலும் ஒரே குற்றப்பட்டியலில் வருது. ஒரு படம் எதையெல்லாம் வில்லத்தனம் என்று எழுதுகிறதோ, அதில் அந்தக் காலத்தின் பயமும் சேர்ந்தே இருக்கும்.

இசை இல்லாமல் வரும் கொலைகாரன்

இப்போ நான் பார்த்ததிலேயே அதிகமாகப் பயந்த வில்லன். 2018, மாரி செல்வராஜின் முதல் படம் 'பரியேறும் பெருமாள்'. கராத்தே வெங்கடேசன் நடித்த அந்தத் தாத்தா. சைக்கிளில் போகிற, பஸ்ஸில் நம்ம பக்கத்துல நிக்கிற மாதிரி ஒரு சாதாரணக் கிழவர். ஆத்துல குளிக்கிற பையனோடு சேர்ந்து குளிப்பார், அந்தப் பையன் திரும்பி வர மாட்டான். சாதிக்காகச் செய்கிற கொலைகள். காசுக்காக அல்ல, கடமையைப் போல.

அவருக்கு பில்டப் ஷாட் இல்லை, பஞ்ச் வசனம் இல்லை. கைதட்ட ஒரு இடம்கூடப் படம் தரவில்லை. அதே படத்தில் கதாநாயகியின் அப்பா, மாரிமுத்து நடித்தது, முழுக் கெட்டவரும் இல்லை, நல்லவரும் இல்லை. கடைசியில் பரியனும் அவரும் பேசி முடித்த பிறகு ரெண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ. சமமாக வைக்கப்பட்ட ரெண்டு கிளாஸ்களோடு படம் முடிகிறது.

கட்டிங் மட்டும் பார்த்தவர்கள்

அதே இயக்குநரின் 'மாமன்னன்', 2023. இங்கே நாற்காலிதான் கதையே. எம்.எல்.ஏ.வாக இருந்தும் ரத்னவேலு முன்னால் மாமன்னன் உட்கார முடியாது. மகன் அதிவீரன், அப்பா உட்காரணும் என்கிறான். அங்கேதான் எல்லாம் வெடிக்கிறது. பந்தயத்தில் தோற்ற தன் நாயையே அடித்துக் கொல்கிறவன் ரத்னவேலு. ஃபகத் ஃபாசில் பிரமாதமாக நடித்தார்.

படம் ஓடிடியில் வந்ததும் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ரத்னவேலுவின் காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டுகளை ஒட்டி, அவனையே நாயகனாக்கிப் பரப்பினார்கள். எங்க அக்கா பையன், காலேஜ் படிக்கிறவன், அதில் ஒன்றை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தான்.

"படம் பாத்தியாடா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா, கட்டிங் மட்டும்தான் பாத்தேன். மாஸா இருந்துச்சு."

அவனைத் திட்டவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கு வரச்சொல்லி முழுப் படத்தையும் சேர்ந்து பார்த்தோம். கடைசியில் மாமன்னன் சபாநாயகராகச் சபைக்குள் வரும்போது அவன் போனை எடுக்கவே இல்லை. ஸ்டேட்டஸைப் பற்றி நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. ராத்திரி பார்த்தால் அது இல்லை.

இதில் தப்பு யாருடையது? ஃபகத்தின் நடிப்பு அவ்வளவு கவர்ச்சியாக இருந்தது ஒரு காரணம். ஆனா பெரிய காரணம், அடி வாங்குகிறவன் இல்லாத வில்லன் வெறும் ஸ்டைல். நம்பியாரின் சாட்டையிலிருந்து ராமுவின் முதுகை வெட்டி எடுத்துட்டா, மிஞ்சுறது கம்பீரமா ஒரு ஆள் சாட்டை சுழற்றுவது மட்டும்தான். முப்பது நொடி ரீல்ஸ் செய்வது அதைத்தான்: உட்கார்ந்திருப்பவனை வைத்துக்கொண்டு, நிற்கவைக்கப்பட்டவனை வெளியே தள்ளிவிடுகிறது. 'பரியேறும் பெருமாள்' தாத்தாவை வைத்து யாரும் அப்படி ஒரு எடிட் போட்டு நான் பார்த்ததில்லை. போடவும் முடியாது. அந்தப் பாத்திரத்தில் பாட்டு ஒட்ட இடமே விடவில்லை.

வில்லனை ரசிக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. நானே ரகுவரன் பைத்தியம். நடிப்பை ரசிப்போம், வசனத்தைச் சொல்லி விளையாடுவோம். கூடவே, அந்தக் காட்சியில் அவனுக்கு எதிரே நின்றவர் யார், அவர் பெயர் என்ன என்றும் ஒருமுறை நினைத்துப் பார்ப்போம். பெயர் ஞாபகம் வரலைன்னா, அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்க நேரம் வந்தாச்சுன்னு அர்த்தம்.

உங்க லிஸ்ட்ல இருக்கிற வில்லன் யாரு, அவர் முன்னால் நின்றது யாரு, ரெண்டு பேரையும் எழுதி அனுப்புங்க. அசோகன், பி.எஸ். வீரப்பா, நாசர், பிரகாஷ்ராஜ் எல்லாரையும் இன்னிக்குத் தொட முடியல. தனியாக ஒரு எபிசோடே போடணும், போடலாம்.