பைக்காரா படகுகளுக்குக் கரண்ட் கொடுப்போம்

1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகுதான் கோயம்புத்தூரில் மில்கள் மளமளவெனப் பெருகின. அந்த பைக்காரா நீர்த்தேக்கத்தில் இன்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் மோட்டார் படகுகள் எண்ணெயில் ஓடுகின்றன. ஊட்டி ஏரியிலும் அப்படித்தான். இவற்றை பேட்டரிக்கு மாற்றியே ஆக வேண்டும். ஆனால் முதல் பணத்தைப் படகில் அல்ல, கரையில் போட வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாய் தாண்டிப் போனால் கொச்சியில் இதற்குச் சான்று இருக்கிறது. 2023 ஏப்ரலில் அங்கே தொடங்கிய வாட்டர் மெட்ரோவின் நூறு பேர் படகில் உள்ள பேட்டரி 122 யூனிட் மின்சாரம் பிடிக்கும். வீட்டில் கெய்சருக்கு வைக்கும் 16 ஆம்பியர் பிளக்கில் செருகினால் அது நிரம்ப 33 மணி நேரம் ஆகும். அந்தப் படகோ துறையில் நிற்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஓடத் தேவையானதை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. ஒரு நடைக்கு 20 யூனிட் செலவானது என்று வைத்துக்கொள்வோம். அதை 12 நிமிடத்தில் திருப்பி ஏற்ற 100 கிலோவாட் வேண்டும், அதாவது 134 எச்.பி. அதற்கான டிரான்ஸ்பார்மர், தடித்த கேபிள், சார்ஜர் எல்லாம் இருப்பது கரையில். மலையில் லைன் பலவீனம், அடிக்கடி கரண்ட் போகும் என்பார்கள். நார்வேயில் 2015-ல் ஓடத் தொடங்கிய ‘ஆம்பியர்’ என்ற கார் ஏற்றும் படகுக்கும் இதே சிக்கல் வந்தது. கிராமத்து லைன் தாங்காது என்பதால் இரு கரையிலும் பேட்டரி வைத்தார்கள். படகு அக்கரையில் இருக்கும்போது அது மெதுவாக நிரம்பும். படகு வந்ததும் வேகமாகக் கொடுக்கும்.

எந்த பேட்டரி என்பதையும் கரையில் கிடைக்கும் நேரம்தான் தீர்மானிக்கிறது. இன்வெர்ட்டருக்கு வைக்கும் லெட் ஆசிட் பேட்டரி விலை குறைவு. ஆனால் முக்கால் பங்கு ஏறும்வரைதான் வேகம், 14.4 வோல்ட்டை எட்டியதும் கரண்ட் குறைந்துகொண்டே போய், கடைசிப் பங்கு ஏற மணிக்கணக்காகும். அரைகுறையாகவே ஓட்டினால் தகட்டில் சல்பேட் இறுகி, சீக்கிரம் செத்துப்போகும். லித்தியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பனி விழும் ஊட்டிக்கு வேறொரு கவலை உண்டு. கிராஃபைட் உள்ள சாதாரண லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கெடுத்துவிடும். கொச்சிப் படகுகளில் உள்ள லித்தியம் டைட்டனேட் குளிரையும் வேகத்தையும் தாங்கும். விலையும் எடையும் கூடுதல்.

தண்ணீருக்குப் பக்கத்தில் கரண்டா என்ற பயம் நியாயமானது. நல்ல தண்ணீரை விட மனித உடம்பு மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். கசிவு இருக்கும் இடத்தில் ஒருவர் விழுந்தால் மின்சாரம் அவர் வழியாகவே பாயப் பார்க்கும். எனவே துறையில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ட்ரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. என்ற பிரேக்கர் கட்டாயம். படகுக்கும் கரைக்கும் நடுவே ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மரும் வைக்கலாம். இல்லாவிட்டால் எர்த் ஒயர் வழியாகப் பக்கத்துப் படகுகளோடு சேர்ந்து ஓடும் சிறு கரண்ட், தண்ணீருக்குள் இருக்கும் உலோகத்தை அரித்துத் தின்றுவிடும். பிளக் செருகுவதிலும் ஒழுங்கு உண்டு: பிரேக்கரை அணைத்து, முதலில் படகுப் பக்கம், பிறகு கரைப் பக்கம், கழற்றும்போது தலைகீழ். கரண்ட் உள்ள ஒயர் முனை தண்ணீரில் விழாமல் காப்பது இந்த வரிசைதான்.

மிச்சம் செலவு. கொச்சியைப் போல் பைக்காராவில் நாள் முழுக்க அவசரமில்லை. சவாரி அரை மணிக்குள் முடிந்து, படகு புறப்பட்ட துறைக்கே திரும்புகிறது; மாலை முதல் மறுநாள் காலை வரை சும்மா நிற்கிறது. அந்தப் பதினைந்து மணி நேரத்தில் அதே கெய்சர் பிளக் 55 யூனிட் கொடுக்கும். இழப்பு போனாலும் சிறு படகுக்கு அது தாராளம். பகலில் தொட்டுக்கொள்ள ஒரு வேக சார்ஜர் போதும். மோட்டாரும் பம்பும் செய்து பழகிய கோவைப் பட்டறைகள் சில மணி நேரப் பயணத்தில் இருக்கும்போது, சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஒரு துறை, இரண்டு படகு என்று இந்தச் சீசனுக்கே தொடங்கலாம்.