இரு தட்டுகள்

திருப்பூர்ப் புகைவண்டி நிலையத்தை அடுத்துள்ள காதர்பேட்டை பின்னலாடை வாணிகத்திற்குப் பெயர் பெற்றது. வெளிநாட்டிற்கென்று தைக்கப்பெற்று, அளவு தவறியமையாலோ எண்ணிக்கை மிகுந்தமையாலோ கப்பல் ஏறாமல் நின்றுவிட்ட பனியன்களும் சட்டைகளும் அங்குள்ள கடைகளில் குவியல் குவியலாக விற்கப்படும். சரக்கு எடுக்க வரும் வெளியூர் வணிகர் விலையை மட்டும் கேட்டுப் பணத்தை எடுத்துவிடார். "எல்லா அளவும் இருக்கின்றனவா? இதே சரக்கு மீண்டும் கிடைக்குமா?" என்று வினவுவர். மலிவாகக் கிடைத்தது மறுமுறை கிடைக்காமற் போவதும் உண்டு என்பதை அவர்கள் பட்டறிந்தவர்கள்.

2006 முதல் 2008 வரை, படம் பார்க்கும் கருவி வாங்கச் சென்ற உலகமக்களும் இதே வினாவைக் கேட்க வேண்டியவர்களாயினர். கேளாமல் வாங்கியவர்கள் நட்டம் அடைந்தனர். கேட்டவர்களுக்கோ, விடை சொல்லுவார் இல்லை!

இத்தகைய போட்டி அதற்கு முன்பும் ஒருமுறை நிகழ்ந்தது. 1975-ல் சோனி நிறுவனம் 'பீட்டாமாக்ஸ்' என்னும் ஒளிநாடாவை வெளியிட்டது. மறு ஆண்டே ஜே.வி.சி. நிறுவனம் 'வி.எச்.எஸ்.' என்னும் வேறொரு நாடாவைக் கொணர்ந்தது. ஒன்றன் நாடா மற்றதன் கருவியில் ஓடாது. பீட்டாமாக்ஸ் நாடா தொடக்கத்தில் ஒரு மணி நேரமே ஓடிற்று, வி.எச்.எஸ். நாடா இரண்டு மணி நேரம் ஓடிற்று. பின்னதே வென்றது. 1988-ல் சோனி நிறுவனமே வி.எச்.எஸ். கருவிகளை விற்கலாயிற்று. தமிழ்நாட்டில் 1980-களில் 'டெக்'கும் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கு எடுத்து, தெருவார் கூடி விடிய விடியப் படம் பார்த்த காலத்தில், ஓடியவை பெரும்பாலும் அந்த வி.எச்.எஸ். நாடாக்களே.

நாடாவிற்குப் பின் தட்டு வந்தது. 1993-ல் தோன்றிய வி.சி.டி. ஏறத்தாழ 74 நிமிடமே ஓடக்கூடியது. ஆதலால் ஒரு தமிழ்ப் படத்திற்கு இரண்டு அல்லது மூன்று தட்டுகள் தேவைப்பட்டன. கதை சூடுபிடிக்கும் நேரத்தில் யாரேனும் ஒருவர் எழுந்து தட்டை மாற்ற வேண்டும். 1996-ல் சப்பானில் விற்பனைக்கு வந்த டி.வி.டி. அக்குறையைத் தீர்த்தது. அதனைக் குறித்தும் முதலில் இரு அணிகள் முரண்பட்டு நின்றன. ஆயினும் கடைக்கு வருமுன்பே, 1995-ல், ஓர் உடன்பாடு ஏற்பட்டுவிட்டது. வாங்குவோருக்கு அதனால் இடர் நேரவில்லை.

படத்தின் தெளிவு அதிலுள்ள புள்ளிகளைப் பொறுத்தது. வி.சி.டி. படத்தில் அகலவாட்டில் 352, உயரவாட்டில் 288 புள்ளிகள் உள்ளன. இந்தியாவில் வழங்கும் டி.வி.டி.யில் அவை 720, 576 ஆகும். ஆகவே மொத்தப் புள்ளிகள் நான்கு மடங்கு ஆயின. உயர்தெளிவுப் படத்தில் 1920, 1080 புள்ளிகள், இது டி.வி.டி.யைப்போல் ஐந்து மடங்கு. இத்துணைப் புள்ளிகளைப் பழைய தட்டு கொள்ளுமா? கொள்ளாது.

இதனைப் பின்னல் தொழில் கொண்டு எளிதில் விளக்கலாம். பின்னல் இயந்திரத்தில் ஓர் அங்குலத்திற்கு எத்தனை ஊசிகள் என்பதைத் திருப்பூரார் 'கேஜ்' என்பர். ஊசிகள் நெருங்க நெருங்க நூலும் மெல்லியதாதல் வேண்டும். அப்போது அதே அளவுத் துணியில் மிகுதியான கண்ணிகள் விழும். தட்டிலும் அவ்வாறே. அங்கே ஊசியாக நின்று பணிபுரிவது ஒளிக்கதிர். தட்டின்மீது சுருள்வடிவமாகச் செல்லும் தடத்தில் நுண்ணிய குழிகள் உள்ளன. அவற்றை லேசர் ஒளி தொட்டுப் படிக்கிறது. டி.வி.டி.யைப் படிக்கும் சிவப்பொளியின் அலைநீளம் 650 நானோமீட்டர். அதனினும் நெருக்கமாகக் குழிகளை அமைத்தால் அச்சிவப்பொளி அவற்றைப் பிரித்தறியாது. குறுகிய அலைநீளமுள்ள நீலவொளி வேண்டும்.

அந்த நீலவொளி எளிதில் கிட்டியதன்று. பல ஆய்வாளர்கள் கைவிட்ட ஒரு பொருளைக் கொண்டு, சப்பானில் நிச்சியா என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய சூசி நாகமுரா 1993-ல் ஒளிமிக்க நீலவிளக்கை ஆக்கிக் காட்டினார். பின்னர் நீல லேசரும் அதே வழியில் கைகூடிற்று. நீலவிளக்கிற்காக 2014-ல் அவரும், அகசாகி, அமானோ என்னும் இருவரும் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர்.

405 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தக் கதிரையே இரு அணியினரும் மேற்கொண்டனர். ஆயினும் தட்டை அமைத்த வகையில் பிரிந்தனர். சோனி, பிலிப்சு, பானசோனிக் முதலியோரைக் கொண்ட அணி 2002-ல் 'புளூ-ரே' என்னும் தட்டை அறிவித்தது. தோசிபா, என்.இ.சி. ஆகியோர் முன்மொழிந்த தட்டு 'எச்.டி. டி.வி.டி.' எனப் பெயர் பெற்றது. தண்ணீரில் பாதி மூழ்கிய குச்சி வளைந்து தோன்றுவதை யாவரும் கண்டிருப்பர். தட்டின் மேற்படலத்தின் வழியே செல்லும் ஒளியும் அவ்வாறே விலகும். படலம் தடித்தால், தட்டு சற்றே சாய்ந்தாலும் பிழை மிகும். எனவே புளூ-ரே அணியினர் படலத்தை 0.1 மில்லிமீட்டராகக் குறைத்தனர். அதனால் கதிரை மிகச் சிறிய புள்ளியாகக் குவிக்க முடிந்தது. ஓர் அடுக்கில் 25 கிகாபைட் செய்தி அடங்கிற்று. ஆனால் மெல்லிய படலம் எளிதில் கீறுபடும். 2003-ல் சப்பானில் முதன்முதல் விற்ற புளூ-ரே தட்டுகளைக் கீறலுக்கு அஞ்சி உறைக்குள் அடைத்தே விற்றனர். டி.டி.கே. நிறுவனம் வன்மையான பூச்சொன்றைக் கண்டறிந்த பின்னரே உறை நீங்கிற்று.

தோசிபா அணியினரோ, டி.வி.டி.யில் இருந்த 0.6 மில்லிமீட்டர்ப் படலத்தையே வைத்துக்கொண்டனர். ஓர் அடுக்கில் 15 கிகாபைட்டே அடங்கிற்று. ஆயினும் பழைய டி.வி.டி. ஆலைகளைச் சிறிது மாற்றி அதனை வார்க்கலாம். இருக்கும் இயந்திரத்தைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குவதன் சுமையை அறிந்த ஆலைமுதலாளி எவரும் இக்கருத்தை இகழார். உண்மையில், விலை ஒன்றையே நோக்கின் தோசிபாவின் பக்கமே நியாயம் இருந்தது. 2005-ல் இரு அணியினரும் ஒன்றுபடப் பேசிப் பார்த்தனர், பேச்சு முறிந்தது.

2006 ஏப்பிரலில் தோசிபாவின் கருவி அமெரிக்காவில் 499 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. சூன் திங்களில் சாம்சங்கின் புளூ-ரே கருவி 999 டாலர் விலையுடன் வந்தது. மலிவானதை வாங்குவதுதானே முறை? ஆனால் கருவியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? படம் வேண்டுமே! யுனிவர்சல் நிறுவனம் எச்.டி. டி.வி.டி.யில் மட்டுமே படம் வெளியிட்டது. டிசுனி, பாக்சு, சோனி ஆகியவை புளூ-ரேயில் மட்டுமே வெளியிட்டன. வார்னர் இரண்டிலும் வெளியிட்டது. இரண்டிலும் வெளியிட்டுவந்த பாரமவுண்ட், 2007 ஆகத்தில் திடீரென எச்.டி. டி.வி.டி. பக்கம் முழுதும் சாய்ந்தது. விரும்பிய படம் எதிரணியின் தட்டில் இருந்தால் பார்க்க வழியில்லை. இரு தட்டையும் இயக்கும் கருவியை எல்.ஜி. நிறுவனம் 2007-ல் கொணர்ந்தது. அதன் விலையோ இரண்டு கருவிகளின் விலைக்கு ஒப்பாக இருந்தது.

இதற்கிடையே புளூ-ரே அணிக்கு ஒரு மறைந்த துணை கிடைத்தது. சோனியின் 'பிளேசுடேசன் 3' என்னும் விளையாட்டுக் கருவிக்குள்ளேயே புளூ-ரே இயக்கி இருந்தது. விளையாடுவதற்கென்று வாங்கிய சிறுவர் வீடுகளில் தட்டுக்கருவியும் தானே புகுந்தது. 2007-ன் இறுதிக்குள் ஏறத்தாழ ஒரு கோடிக் கருவிகள் கடைகளுக்குச் சென்றுவிட்டன. தோசிபா விலையை வெட்டிற்று. 2007 நவம்பரில் அதன் ஒரு கருவி அமெரிக்கக் கடையொன்றில் நூறு டாலருக்கும் குறைவாக விற்றது. மக்கள் முண்டியடித்து வாங்கினர். இரண்டு திங்கள் சென்றன. 2008 சனவரி 4 அன்று வார்னர் நிறுவனம், இனிப் புளூ-ரே ஒன்றே என்று அறிவித்தது. பிப்ரவரியில் பெரிய கடைகளும் ஒவ்வொன்றாக அப்பக்கம் சேர்ந்தன. பிப்ரவரி 19 அன்று தோசிபா தன் தட்டைக் கைவிடுவதாக அறிவித்தது. அதற்குள் உலகில் ஏறத்தாழ பத்து லட்சம் எச்.டி. டி.வி.டி. இயக்கிகள் விற்றிருந்தன.

நூறு டாலருக்கு வாங்கியவர்கள் பெரிதும் இழந்தவரல்லர். அக்கருவி பழைய டி.வி.டி.களை நன்றாகவே காட்டியது. முதல் ஆண்டில் 499 டாலர் கொடுத்து, படத்தட்டுகளையும் அடுக்கி வைத்தவர்கள் நிலைதான் இரங்கத்தக்கது. காதர்பேட்டையில் எஞ்சிய பனியன் எவர் உடம்பையேனும் மூடும். புதுத் தட்டு வாராத கருவி, இருப்பில் உள்ள சில படங்களையே திரும்பத் திரும்பக் காட்டும்.

அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டு வீடுகளின் நிலை வேறு. 2006 முதல் மாநில அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கி வந்தது. 2007-ல் மோசர் பேயர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றது. பழைய குழாய்ப்பெட்டியால் உயர்தெளிவுப் படத்தின் புள்ளிகளைக் காட்ட இயலாது. காட்டினும் அச்சிறு திரையில், கூடத்தின் மறுகோடியில் அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு அவ்வேறுபாடு புலனாகாது. தீபாவளி ஊக்கத்தொகையைக் கையில் வைத்திருந்த பனியன் தொழிலாளிக்கு அன்று ஏற்றது இரண்டும் அன்று; டி.வி.டி. கருவியே. இருபதாயிரம் ரூபாய்க் கருவியைக் காட்டிலும் பெரிய திரையே முதலில் வேண்டுவது.

வென்ற தட்டிலும் ஒரு சிக்கல் இருந்தது. புளூ-ரே, உலகை மூன்று மண்டலங்களாகப் பிரித்தது. இந்தியா மூன்றாம் மண்டலத்தில் உள்ளது, இங்கிலாந்து இரண்டாவதில். இலண்டனிலிருந்து உறவினர் அனுப்பும் தட்டு எல்லா மண்டலங்களுக்கும் பொதுவானதாக இல்லையெனில், இங்குள்ள கருவியில் ஓடாது. தோற்ற எச்.டி. டி.வி.டி.யில் இத்தடை இல்லை.

2009-ல் தோசிபாவும் புளூ-ரே கருவி செய்யத் தொடங்கியது. பின்னர் இணையத்தின் வழியே படம் பார்க்கும் வழக்கம் பரவி, தட்டு வாணிகமே சுருங்கிற்று. 2025 பிப்ரவரியில் சோனி, பதிவு செய்வதற்கான வெற்றுப் புளூ-ரே தட்டுகளைச் செய்வதை நிறுத்தியது. படங்கள் பதித்த தட்டுகள் தொடர்ந்து வெளிவருகின்றன. புளூ-ரே கருவிகளில் 1996-ஆம் ஆண்டின் டி.வி.டி.யும் ஓடும். எச்.டி. டி.வி.டி. மட்டும் ஓடாது.