கசட்டில் வாழும் உலகம்

அரியலூர் மண் முன்னொரு காலத்தில் கடலடியாக இருந்தது என்பதை அங்குள்ள தொல்லுயிர்ப் படிமங்கள் உணர்த்துகின்றன. பாறையில் பதிந்த சிப்பியின் வடிவைக் கொண்டு, மறைந்துபோன உயிரினத்தை அறிஞர்கள் அடையாளம் காண்கின்றனர். ஆனால், வடிவத்தால் பிரித்தறிய இயலாத நுண்ணுயிர்களை எவ்வாறு இனங்காண்பது? கழிவுநீர் சுத்திகரிப்பில் இவ்வினா இன்றியமையாதது.

1914ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் ஆகிய இருவரும் கழிவுநீரில் காற்றைச் செலுத்தினர். அடியில் படிந்த கசட்டை அகற்றாது மீண்டும் மீண்டும் பயன்படுத்தினர். நீர் விரைவில் தூய்மையடைந்தது. கசட்டில் திரண்டிருந்த பாக்டீரியாக்களே அதற்குக் காரணம். அவற்றுள் சில கரிமப் பொருள்களைச் சிதைக்கின்றன; சில, மீன்களுக்கு நஞ்சாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன; வேறு சில, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன.

இவற்றை ஆய்வகத் தட்டில் வளர்த்து அறிவதே பழைய முறை. ஆனால், கசட்டில் வாழ்வனவற்றுள் பெரும்பாலானவை தட்டில் வளர்வதில்லை. எனவே, அறிஞர்கள் மரபணுவை நாடினர். பாக்டீரியாக்கள் அனைத்திலும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணு உள்ளது. ஏறத்தாழ 1,500 காரங்களைக் கொண்ட அம்மரபணுவின் சில பகுதிகள் எல்லா இனங்களிலும் ஒத்திருக்கும்; சில பகுதிகள் இனத்திற்கு இனம் வேறுபடும். கசட்டிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, ஒத்த பகுதிகளைப் பற்றுக்கோடாகக் கொண்டு அம்மரபணுவைப் பாலிமரேஸ் தொடர்வினையால் பன்மடங்காகப் பெருக்குவர். பின்னர் வேறுபடும் பகுதிகளின் வரிசையைப் படித்து, எவ்வினங்கள் உள்ளன என்பதை அறிவர்.

இம்முறை பழைய கருத்தொன்றைத் திருத்தியது. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. தட்டில் வளர்ந்தது அதுவே. 1990களில் நிகழ்ந்த மரபணு ஆய்வுகள், பல சுத்திகரிப்பு நிலையங்களில் அப்பணியைப் பெரிதும் செய்வது நைட்ரோஸ்பைரா எனக் காட்டின. அவ்வினத்துள் சில, அம்மோனியாவைத் தாமே நைட்ரேட் வரை மாற்றவல்லவை என்பது 2015இல் வெளிப்பட்டது.

இவ்வறிவின் பயன் யாது? பச்சைமலையில் தோன்றும் மருதையாறு, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வழியே சென்று கொள்ளிடத்தில் கலக்கிறது. இத்தகைய ஆற்றில் தூய்மையாகாத கழிவுநீர் கலந்தால், மீனும் கிணறும் கெடும். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. நச்சு வேதிப்பொருள்கள் அவற்றை எளிதில் அழித்துவிடும். அவை மீண்டும் பெருகப் பல வாரங்கள் ஆகலாம். எந்த இனம் குறைகிறது என்பதை மரபணு வழியே முன்னரே அறிந்தால், காற்றின் அளவையும் கசட்டின் அளவையும் உரிய வேளையில் சீர்செய்ய இயலும்.