மணிக்கூடு பின்னால் நின்றால் இணையத்தின் கதவு மூடிக்கொள்ளும், தெரியுமா?

நெடுந்தீவில் ஒரு வீடு. பரீட்சைப் பெறுபேறு வெளியான காலை. கணினியைத் திறந்தால் எந்தத் தளத்துக்குப் போனாலும் 'இது பாதுகாப்பான இணைப்பு அல்ல' என்ற எச்சரிக்கை! வைரஸா? பழுதா? திருத்தக் கொண்டுபோவதென்றால் குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணி நேரம், பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ். ஒரு நாளே போய்விடும்! பொறுங்கள். திரையின் மூலையில் இருக்கும் திகதியைப் பார்த்தீர்களா?

இணையத்தளத்துக்கும் அடையாள அட்டை உண்டு, தெரியுமா?
வங்கித் தளமோ செய்தித் தளமோ, முதலில் உலாவியிடம் தன் சான்றிதழைக் காட்டும். அது எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்பதும் அதிலேயே இருக்கும். உலாவி அதை ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் கணினியின் மணிக்கூட்டோடு! ஆண்டுக்கணக்காகத் தாள் கிழிக்காத நாட்காட்டியை வைத்துக் கடவுச்சீட்டைச் சோதிக்கும் அதிகாரியைப் போல, நல்ல சான்றிதழையும் அது திருப்பி அனுப்பிவிடும்.

அந்தச் சான்றிதழின் ஆயுள் சுருங்கிக்கொண்டே வருகிறது, தெரியுமா?
2020 செப்டம்பரில் அதன் உச்ச ஆயுள் 398 நாட்கள் ஆனது. 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள். 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாட்கள்! ஆயுள் குறையக் குறைய, மணிக்கூட்டின் சிறு பிழையும் பெரிதாகும்.

கணினியின் காலத்தைக் காப்பது ஒரு சில்லறைக் காசளவு பற்றரி, தெரியுமா?
20 மில்லிமீற்றர் அகலம், 3 வோல்ற். கரண்ட் இல்லாதபோது, நொடிக்கு 32,768 முறை அதிரும் குவாட்ஸ் படிகத்தை ஓடவைப்பது அதுதான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்த தீவுகள். மின்சாரம் நின்ற ஒவ்வொரு பொழுதிலும் இந்தப் பொட்டுப் பற்றரியே காவல்! அது தீர்ந்தால் திகதி பழைய ஆண்டுக்கு ஓடிவிடும். சில கருவிகளில் 1970 சனவரி 1 என்று காட்டும். யுனிக்ஸ் இயங்குதளத்தில் காலக்கணக்கு தொடங்கும் கணம் அது. இலங்கையில் அப்போது அதிகாலை 5.30!

வடக்கில் ஒரே நாளில் இரண்டு நேரம் இருந்தது, தெரியுமா?
மின்சாரத்தைச் சேமிக்க, 1996 மே மாதம் அரசு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்னே இழுத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியோ பழைய நேரத்திலேயே நின்றது! 2002இல் ஏ9 வீதி திறந்தபின் யாழ்ப்பாணத்திலிருந்து முகமாலை எல்லையைக் கடந்தால் அரை மணி வித்தியாசம். 2006 ஏப்ரல் 15 அன்று அரசும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. கணினிகள் பயன்படுத்தும் உலக நேரவலயப் பட்டியலில், கொழும்பின் பெயருக்குக் கீழே இந்த மாற்றங்கள் இன்றும் பதிந்திருக்கின்றன!

மணி சரியாகத் தெரிந்தாலும் பிழையாக இருக்கலாம், தெரியுமா?
ரொறன்ரோவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த மடிக்கணினி. நேரவலயத்தை மாற்றாமல் மணியை மட்டும் கையால் திருத்தினால், கோடை காலத்தில் அதன் உலகப் பொது நேரக் கணக்கு ஒன்பதரை மணி நேரம் முன்னே ஓடும்! சான்றிதழ் பார்ப்பது உலகப் பொது நேரத்தை. திரையில் தெரியும் மணியை அல்ல.

தூது போய்வரும் தாமதத்தையும் கணினி கணக்கிடும், தெரியுமா?
கணினி விஞ்ஞானி டேவிட் மில்ஸ் 1985இல் வகுத்தளித்த முறை அது. 'இப்போது மணி என்ன?' என்று கணினி தொலைதூர வழங்கியைக் கேட்கும். கேள்வி போய்ப் பதில் வந்த நேரத்தையும் கணக்கில் எடுத்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும்!

கையோடு செய்யக்கூடியவை
• எல்லாத் தளங்களும் ஒன்றாக எச்சரித்தால் முதல் சந்தேகம் மணிக்கூட்டின் மீது. ஒரு தளம் மட்டும் எச்சரித்தால் அங்கே கடவுச்சொல்லை இடவே வேண்டாம்.
• கைப்பேசியைப் பார்த்து நாள், மாதம், ஆண்டைச் சரிசெய்யுங்கள். நேரவலயம் இலங்கைக்குரிய கூட்டல் 5.30.
• பிறகு தானியங்கி நேரத்தை இயக்குங்கள். 15 மணி நேரத்துக்கு மேல் விலகியிருந்தால் விண்டோஸ் தானாகத் திருத்தாமல் விடலாம். அதனால்தான் முதலில் கைத்திருத்தம். உலாவியை மூடித் திறங்கள்.
• ஒவ்வொரு முறை கரண்ட் போய்வந்ததும் திகதி மாறுகிறதா? பற்றரியை மாற்றும் காலம் வந்துவிட்டது.
• எச்சரிக்கையைத் தாண்டி மட்டும் போகாதீர்கள். அது உங்களுக்கான காவல்.

இனி யாராவது கணினியைத் தூக்கிக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடினால், படகு புறப்படுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணை, அதில இண்டைக்கு என்ன திகதி காட்டுது?"