இரண்டு முறை காலியான கிராமம்: ஹொலஷோவிட்சே

மேப்பில் சும்மா மேய்ந்துகொண்டிருந்தபோது கண்ணில் பட்ட ஊர் இது. செக் நாட்டின் தெற்கே, செஸ்கே புட்யேயொவிட்சே நகரத்துக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. மேலே இருந்து பார்த்தால் ஒரு சீப்பு மாதிரி தெரியும். நடுவில் நீளமான புல்வெளி, அதில் ஒரு குளம், சின்னதாக ஒரு கோயில். இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் நீண்டு போகும் தோட்டமும் வயலும்.

நடுவில் இருக்கிற திடல் சுமார் 210 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். இந்த அமைப்பு இடைக்காலத்தில் போடப்பட்டது. ஊரின் பெயர் 1263-இலேயே ஏடுகளில் வருகிறது. 1292-இல் அரசர் இரண்டாம் வென்செஸ்லாஸ் இந்த ஊரை விஷ்ஷி பிரோட் என்ற இடத்திலிருந்த சிஸ்டெர்சியன் மடத்துக்குக் கொடுத்துவிட்டார். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மடம்தான் நிலச்சுவான்தார்.

1520-25 வாக்கில் கொள்ளைநோய் வந்தது. ஊரில் மிஞ்சியது இரண்டே பேர்! ஆள் இல்லாத நிலத்தில் மடத்துக்கு ஏது வருமானம்? பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஜெர்மன் பேசும் குடும்பங்களைக் கூட்டிவந்து குடிவைத்தார்கள். இங்கேதான் எனக்கு ஆச்சரியம். மக்கள் மாறினார்கள், மொழியே மாறியது, ஆனால் ஊரின் வடிவம் மாறவில்லை. காரணம் எளிதுதான் என்று நினைக்கிறேன். வீடு இடிந்தால் வேறு கட்டலாம். வரப்பை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. வந்தவர்கள் பழைய மனைகளிலேயே உட்கார்ந்தார்கள்.

இன்று நாம் பார்க்கிற அழகான முகப்புகள் பெரும்பாலும் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கட்டியவை. நகரத்து பரோக் பாணியைப் பார்த்து கிராமத்துக் கொத்தனார்கள் தங்களுக்குத் தெரிந்தபடி சுண்ணாம்பில் வளைவும் பூவேலையும் செய்தார்கள். திடலைப் பார்த்தபடி இரண்டு முக்கோணச் சுவர்கள், நடுவில் வளைவு வைத்த வாசல். ஒரு பக்கம் குடியிருக்கும் வீடு. இன்னொரு பக்கம் களஞ்சியம், இல்லாவிட்டால் பண்ணையை மகனிடம் ஒப்படைத்துவிட்ட வயதான அப்பா அம்மா இருக்கும் வீடு.

அப்புறம் 1938. மியூனிக் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஊர் ஹிட்லரின் ஜெர்மனியோடு சேர்க்கப்பட்டது. போர் முடிந்ததும் கணக்கு திருப்பி எழுதப்பட்டது. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 30 லட்சம் ஜெர்மானியர்களில் இந்த ஊர்க்காரர்களும் உண்டு. நானூறு வருஷம் உழுத குடும்பங்கள் போய்விட்டன. பல பண்ணைவீடுகள் பூட்டியே கிடந்தன.

ஆள் இல்லாததால் இடித்துக் கட்டவும் யாரும் இல்லை. 1990-க்குப் பிறகு பழுதுபார்த்து மறுபடி குடியேறினார்கள். 1998-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அந்த வீடுகளின் படத்தைப் பார்க்கும் யாரும் "எவ்வளவு அழகா பாதுகாத்திருக்காங்க" என்றுதான் சொல்வோம். நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் பாதி, பாதுகாத்ததால் நின்றது. மீதி, கட்டியவர்களின் பிள்ளைகள் துரத்தப்பட்டதால் நின்றது. அந்த இரண்டாவது பாதி எந்தப் படத்திலும் தெரியாது.